ஒருவர் அறிந்ததும் குழுவினர் கற்றதும்: காலநிலை ஆய்வின் வரலாற்றில் கூட்டுக் கற்றல்

ஒரு செய்தியை ஒருவர் அறிந்திருத்தல் வேறு. ஒரு குழுவினர் அதனைத் தம் பொது அறிவாக ஏற்று, அதற்கேற்பத் தம் வழக்கங்களை மாற்றிக்கொள்ளுதல் வேறு. முன்னையதற்கு நல்ல கருவியும் கூரிய மதியும் போதும். பின்னையதற்கு மண்டபங்களும் கடிதங்களும் வேண்டும்; சண்டைகளும் சமாதானங்களும் வேண்டும்; பெரும்பாலும் ஒரு தலைமுறைக் காலமும் வேண்டும். விஞ்ஞான வரலாற்று நூல்கள் முன்னையதையே விரித்துப் பேசுவன. இன்னார் இன்ன ஆண்டில் இன்னதைக் கண்டார் என்ற வரிசையில் காலநிலை மாற்றத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தால், அதன் அடிப்படைச் செய்தி 1896 ஆம் ஆண்டோடு ஏறத்தாழ முடிந்துவிடும். அதன் பின்னரான ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் கால மௌனத்தையும் தயக்கத்தையும் விளக்குவதற்கு அவ்வரிசை உதவுவதில்லை.

அவ்வரிசையைச் சுருக்கமாகவேனும் கூறவேண்டும். 1856 இல் அமெரிக்கப் பெண்மணியான யூனிஸ் பூட், வாயுக்கள் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்து, காபனீரொட்சைட்டு நிரம்பிய குழாயே மிகுதியாக வெப்பமுறுவதைக் கண்டார். அவ்வாயு மிகுந்த வளிமண்டலம் பூமிக்கு உயர்ந்த வெப்பநிலையைத் தரும் என்றும் எழுதினார். அல்பனி நகரில் கூடிய விஞ்ஞானிகள் சபையில் அவருடைய கட்டுரையை ஜோசப் ஹென்றி என்ற பேராசிரியர் எடுத்துக் கூறினார். பின்னர் அது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக மறக்கப்பட்டுக் கிடந்தது. 1859 இல் இலண்டனில் ஜோன் ரின்டால், நீராவியும் காபனீரொட்சைட்டும் வெப்பக் கதிர்ப்பை உறிஞ்சுவதைத் துல்லியமாக அளந்தார். 1896 இல் சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் சுவாந்தே அரீனியசு, வளிமண்டலக் காபனீரொட்சைட்டு இரு மடங்கானால் வெப்பநிலை 5 முதல் 6 பாகை செல்சியசு வரை உயரும் எனக் கணித்தார். கல்குலேற்றரும் இல்லாத காலத்தில் பென்சிலும் தாளும் கொண்டு செய்த அக்கணிப்பு, இன்றைய கணிப்புக்களினின்றும் நம்பமுடியாத அளவு விலகியதன்று.

எனினும் இவற்றுள் எதனையும் ஒரு குழு கற்றுக்கொள்ளவில்லை. அதற்கு நல்ல சான்று 1938 பெப்ரவரியில் இலண்டன் அரச வளிமண்டலவியற் சங்கத்தில் நிகழ்ந்த கூட்டமாகும். அன்று கட்டுரை படித்த கை கலண்டர் என்பவர் நீராவிப் பொறியியலாளர். காலநிலை ஆய்வு அவருக்கு ஓய்வு நேரத் தொழில். ஏறத்தாழ 200 நிலையங்களின் வெப்பநிலைப் பதிவுகளைத் தாமே திரட்டி, அரை நூற்றாண்டுக் காலமாக உலகின் வெப்பநிலை ஆண்டுக்குச் சராசரி 0.005 பாகை வீதம் உயர்ந்து வந்துள்ளதாகக் காட்டினார். அதே காலத்தில் எரிபொருளை எரித்து மனிதர் 15,000 கோடி தொன் காபனீரொட்சைட்டை வளியிற் சேர்த்துள்ளனர் என்றும், அதில் முக்காற்பங்கு அங்கேயே தங்கிவிட்டது என்றும் கூறினார். கூடியிருந்த வளிமண்டலவியலாளர்கள் அவருடைய உழைப்பை மரியாதையாகப் பாராட்டினர்; முடிவை ஏற்கவில்லை. வளிமண்டல அவதான அலுவலகத்தின் தலைவர் ஜோர்ஜ் சிம்சன், இத்துறையைச் சாராதவர்களுக்கு வளிமண்டலத்தின் சிக்கல் விளங்குவது கடினம் என்ற கருத்துப்படப் பேசினார். அவருடைய ஆட்சேபத்தில் விஞ்ஞான நியாயம் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். காற்றோட்டங்களின் பங்கைக் கலண்டரின் கணக்கு கவனிக்கவில்லை. ஆனால் அந்நியாயத்தோடு துறை என்ற வேலியும் கலந்திருந்தது. கலண்டர் தாமும் இவ்வெப்பமேற்றத்தை அஞ்சவில்லை என்பது சுவையான செய்தி. கொடிய பனிக்கட்டியாறுகள் மீண்டும் வராமல் அது தடுக்கும் என அவர் மகிழ்ந்தார்!

கற்றல் என்ற சொல்லை இங்கு எப்பொருளில் வழங்குகிறோம் என்பதைத் தெளிவுபடுத்துதல் அவசியம். உளவியலாளர் அல்பேட் பந்துரா 1977 இல் வெளியிட்ட நூலில், பிறரைப் பார்த்து ஒருவர் கற்பதையே சமூகக் கற்றல் என்றார். பின்வந்தோர் அச்சொல்லை ஒரு குழு, குழுவாகவே கற்பதற்கும் விரித்தனர். அவ்வகையில் 1978 இல் கிறிஸ் ஆர்ஜிரிஸ், டொனால்ட் ஷோன் ஆகிய இருவரும் செய்த பாகுபாடு வரலாற்று மாணவனுக்குப் பயன்மிக்கது. விடை பிழையெனக் கண்டு விடையைத் திருத்துதல் ஒருவகை. அப்பிழையை விளைவித்த விதியையும் கேள்வியையுமே மாற்றுதல் மற்றொரு வகை. முன்னையதை ஒற்றைச் சுற்றுக் கற்றல் என்றும் பின்னையதை இரட்டைச் சுற்றுக் கற்றல் என்றும் அவர்கள் குறிப்பிட்டனர். காலநிலை ஆய்வுக் குழுக்களின் வரலாற்றில் இவ்விரண்டும் உள்ளன. ஆனால் இரண்டாவது வகை பெரும்பாலும் அவமானத்தின் பின்னரே வந்துள்ளது.

தனியாள் முயற்சியிலிருந்து கூட்டு முயற்சிக்கு வழி திறந்தது 1957–58 சர்வதேச புவிப்பௌதிக ஆண்டாகும். அதன் பணத்தைக் கொண்டே சார்ள்ஸ் டேவிட் கீலிங் 1958 மார்ச்சில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் காபனீரொட்சைட்டை அளக்கத் தொடங்கினார். முதல் அளவு பத்து இலட்சத்தில் 313 பங்கு. 1964 இல் பணமின்றிச் சில வாரங்கள் நின்றதைத் தவிர அவ்வளவீடு பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. 2024 இல் ஆண்டுச் சராசரி 420 ஐக் கடந்திருந்தது. 1979 யூலையில் ஜூல் சார்னி தலைமையில் அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் என்ற கரையோர ஊரில் ஒரு சிறு குழு ஐந்து நாட்கள் கூடியது. சியுகுரோ மனாபேயின் மாதிரி 2 பாகை என்றது. ஜேம்ஸ் ஹான்சனின் மாதிரி 4 பாகை என்றது. இருபுறமும் அரைப் பாகை சேர்த்து, காபனீரொட்சைட்டு இரட்டித்தால் வெப்பநிலை 1.5 முதல் 4.5 பாகை வரை உயரும் எனக் குழு முடிவு செய்தது. அவ்வீச்சு 2013 அறிக்கையிலும் இடம்பெற்று, 2021 இல் 2.5 முதல் 4 வரை எனச் சுருங்கியது. ஐந்து நாள் உரையாடலில் பிறந்த எண்ணொன்று நாற்பது ஆண்டுகள் ஆட்சி செய்தமை குழுக்கள் கற்பதன் வலிமையையும் காட்டும். ஒருமுறை கற்றதை விட மறுக்கும் அவற்றின் பிடிவாதத்தையும் காட்டும்.

உண்மையான திருப்பம் 1985 ஒக்ரோபரில் ஒஸ்ரியாவின் வில்லாக் நகரில் நிகழ்ந்தது. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டமும் உலக வளிமண்டலவியல் தாபனமும் சர்வதேச விஞ்ஞானச் சங்கங்களின் பேரவையும் கூட்டிய அம்மாநாட்டுக்கு 29 நாடுகளிலிருந்து அறிஞர்கள் வந்தனர். அதுவரை காபனீரொட்சைட்டைப் பற்றிச் சிந்தித்தவர்கள் ஒருபுறமும், குளோரோபுளோரோகாபன், மெதேன் முதலிய அருவாயுக்களைப் பற்றிச் சிந்தித்தவர்கள் மறுபுறமும் இருந்தனர். இரு சாராரையும் இணைத்தவர்களுள் முதன்மையானவர் சென்னையிற் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்ற வீரபத்திரன் இராமநாதன். அவருடைய முதல் உத்தியோகம் செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டிக் கம்பனியில். குளிரூட்டும் வாயு கசியாமற் பார்ப்பது அவரது கடமைகளுள் ஒன்று. அதே வாயுவின் மூலக்கூறொன்று வெப்பத்தைத் தடுப்பதில் காபனீரொட்சைட்டு மூலக்கூறொன்றைவிடப் பதினாயிரம் மடங்கு வலியது என்று 1975 இல் அவர் எழுதினார். சகாக்களுடன் சேர்ந்து 1985 இல் அவர் வெளியிட்ட ஆய்வு, அருவாயுக்கள் அனைத்தும் சேர்ந்து காபனீரொட்சைட்டுக்கு ஏறத்தாழ நிகரான விளைவைத் தரும் எனக் காட்டியது.

இரு கணக்குகளும் ஒரே மேசையில் வைக்கப்பட்டபோது வில்லாக்கில் கூடியோர் திடுக்கிட்டனர். அடுத்த நூற்றாண்டின் பிற்பகுதிக்குரியது என எண்ணியிருந்த இரட்டிப்பு நிலை 2030 களிலேயே வந்துவிடக்கூடும் எனத் தெரிந்தது. பேரப்பிள்ளைகளின் கவலை பிள்ளைகளின் கவலையாயிற்று. அம்மாநாட்டின் அறிக்கையில் இதனினும் ஆழமான வாசகம் ஒன்றுண்டு. நீர்ப்பாசனம், நீர்மின்சாரம் முதலிய பெருந்திட்டங்கள் யாவும் கடந்த காலக் காலநிலையே வருங்காலத்துக்கு வழிகாட்டி என்ற எடுகோளின்மீது வகுக்கப்படுகின்றன. அவ்வெடுகோள் இனிச் செல்லாது என்பது அதன் சாரம். ஆர்ஜிரிசும் ஷோனும் கூறிய இரண்டாவது வகைக் கற்றலுக்கு இதனினும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. அதே 1985 ஆம் ஆண்டில் இலங்கையில் மகாவலித் திட்டத்தின் விக்ரோரியா அணைக்கட்டு திறந்துவைக்கப்பட்டது என்பதை இங்கு நினைத்துப் பார்க்கலாம். நீர்த்தேக்கங்களின் கொள்ளளவு பழைய மழைவீழ்ச்சிப் பதிவுகளைக் கொண்டே தீர்மானிக்கப்படுவது உலக வழக்கு. வில்லாக் கேள்விக்குள்ளாக்கியது அவ்வழக்கையே.

வில்லாக்கில் கூடியவர்கள் தத்தம் அரசாங்கங்களின் பிரதிநிதிகளாக அல்லாமல் தனி அறிஞர்களாகவே வந்தவர்கள். அதுவே அவர்களது பலமும் பலவீனமுமாயிற்று. சுதந்திரமாகப் பேசினர், ஆனால் அவர்கள் பேசியதற்குக் கட்டுப்பட எந்த அரசும் கடமைப்படவில்லை. அவர்கள் இவ்வாறு தொடர்ந்து பேசுவதை விரும்பாத அரசாங்கங்களும் இருந்தன. அமெரிக்க அரசு அவற்றுள் முதன்மையானது. அதன் விளைவாக 1988 இல் அமைக்கப்பட்டதே காலநிலை மாற்றம் தொடர்பான அரசுகளுக்கிடையிலான குழு. சுவீடன் நாட்டு வளிமண்டலவியலாளர் பேர்ற் போலின் அதன் முதற் தலைவரானார். அறிக்கையை விஞ்ஞானிகள் எழுதுவர். கொள்கை வகுப்போருக்கான சுருக்கத்தை அரசாங்கப் பிரதிநிதிகள் வரிவரியாகப் படித்து ஏகமனதாக ஏற்கவேண்டும். விஞ்ஞானிகளைக் கட்டுப்படுத்த அரசாங்கங்கள் வகுத்த இவ்வேற்பாடு காலப்போக்கில் அரசாங்கங்களையே கட்டுப்படுத்தியது. தாமே கையுயர்த்தி ஏற்ற வாசகத்தை நாங்கள் அறியோம் என எந்த அரசும் பின்னர் சொல்ல இயலவில்லை. வரலாற்றில் இத்தகைய எதிர்பாராத விளைவுகள் பல. இது அவற்றுள் இனியது.

முதலாவது அறிக்கை 1990 இல் வெளிவந்தது. அதனை எழுதியோருள் மிகப் பெரும்பாலோர் செல்வந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள். வறிய நாடுகளின் பங்கேற்பை அதிகரிக்க ஒரு தனிக் குழு அமைக்க நேர்ந்ததே நிலைமையை விளக்கும். விமானச் சீட்டும் தங்குமிடமும் கொடுத்தால் பங்கேற்பு வந்துவிடும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் இருந்தது. பங்கேற்பு என்பது அதனினும் பெரியது என்பதை நெல்வயல் பற்றிய விவாதம் உணர்த்தியது.

நெல்வயலில் நீர் தேங்கும்போது மண்ணில் ஒட்சிசன் அற்றுப்போகிறது. அந்நிலையில் சேதனப் பொருட்களைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மெதேன் வாயுவை வெளியிடுகின்றன. இது இயற்கை, இதில் ஐயமில்லை. எவ்வளவு வெளியாகிறது என்பதே வினா. 1990 அறிக்கை, உலக நெல்வயல்கள் ஆண்டுக்கு 11 கோடி தொன் மெதேனை வெளியிடுவதாகக் கொண்டது. அதே காலத்தில் அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகத்தின் மதிப்பீடு இந்திய வயல்களுக்கு மட்டும் 3 கோடி 78 இலட்சம் தொன்னை ஒதுக்கியது. இத்தகைய எண்களுக்கு ஆதாரமான அளவீடுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள வயல்களிற் செய்யப்பட்டவை. பருவம் முழுவதும் நீர் நிறைந்து, உரம் மிகுந்து கிடக்கும் அவ்வயல்களின் அளவை எடுத்து, ஆசியாவின் பரப்பாற் பெருக்கினர்.

இதற்கிடையில் வாஷிங்டனில் உள்ள உலக வள நிறுவனம் 1990 இல் வெளியிட்ட அறிக்கையொன்று, வளிமண்டலத்தை வெப்பமாக்கும் முதல் ஐந்து நாடுகளின் பட்டியலில் பிரேசிலையும் சீனாவையும் இந்தியாவையும் சேர்த்தது. புதுடில்லியில் விஞ்ஞான சுற்றாடல் நிலையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991 இல் எழுதிய சிறு நூல் அப்பட்டியலைக் கடுமையாகத் தாக்கியது. கடலும் காடும் ஆண்டுதோறும் உறிஞ்சிக்கொள்ளும் வாயுவை எந்நாட்டுக் கணக்கிற் கழிப்பது என்பதே அவர்களது கேள்வி. அதிகமாக வெளியிடுபவனுக்கு அதிகமாகக் கழிக்கும் முறையை அமெரிக்க அறிக்கை கையாண்டிருந்தது. மக்கள் தொகைக்கேற்பக் கழித்தால் பட்டியலே தலைகீழாகிறது. ஏழை விவசாயியின் வயலிலும் மாட்டிலும் இருந்து வரும் வாயுவையும் செல்வந்தனின் மோட்டார்க் காரிலிருந்து வரும் வாயுவையும் ஒரே தராசில் வைப்பது எந்த நியாயம் என்றும் அவர்கள் கேட்டனர். எண்களைத் திருத்துமாறு கேட்பதோடு அவர்கள் நிற்கவில்லை; எண்ணும் முறையையே கேள்விக்குள்ளாக்கினர்.

கேள்வி கேட்டதோடு விவகாரம் முடிந்திருந்தால் அது அரசியற் கூச்சலாகவே பதிவாகியிருக்கும். புதுடில்லித் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஏ. பி. மித்ராவின் தலைமையில் 1991 இல் இந்தியாவின் பல பிரதேசங்களில் உள்ள வயல்களில் நேரடியாக மெதேன் அளக்கப்பட்டது. வானம் பார்த்த வயல், இடையிடையே காயும் வயல், நீர் தேங்கி நிற்கும் வயல் எனப் பிரித்து அளந்தனர். கிடைத்த விடை ஆண்டுக்குச் சுமார் 40 இலட்சம் தொன். அமெரிக்க மதிப்பீட்டின் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல்! அரசுகளுக்கிடையிலான குழு 1992 இல் வெளியிட்ட துணை அறிக்கையில் உலக நெல்வயல்களின் பங்கு 11 கோடியிலிருந்து 6 கோடி தொன்னாக இறங்கியது. இக்குறைப்புக்கு இந்திய அளவீடு ஒன்றே காரணம் என்பது மிகை. பிற நாடுகளிலும் புதிய அளவீடுகள் நிகழ்ந்தன. ஆயினும் சமவாயத்துக்கான பேச்சுவார்த்தை 1991 பெப்ரவரியில் தொடங்கி, 1992 யூனில் ரியோ டி ஜெனெய்ரோவிற் கையொப்பமாவதற்கிடையே இத்திருத்தம் வந்தமை சிறிய விஷயமன்று. சோறுண்ணும் மக்கள் அனைவரது வயல்களும் அக்கணக்கில் இருந்தன. இலங்கையின் வயல்களும் இருந்தன.

அடுத்த மோதல் 1995 இல் நிகழ்ந்தது. உண்மையில் ஓராண்டிலேயே இரு மோதல்கள். பொருளியலாளர்கள் எழுதிய அத்தியாயமொன்று காலநிலை மாற்றத்தால் விளையும் இழப்பைப் பணத்திற் கணித்தது. அதில் செல்வந்த நாட்டவர் ஒருவரின் உயிர் 15 இலட்சம் டொலர் என்றும் வறிய நாட்டவரின் உயிர் அதில் பத்தில் அல்லது பதினைந்தில் ஒரு பங்கு என்றும் கொள்ளப்பட்டது. ஆபத்தைத் தவிர்க்க மக்கள் எவ்வளவு பணம் கொடுக்கச் சம்மதிப்பர் என்பதிலிருந்து பெறப்பட்ட எண் அது. மனிதரின் மதிப்பைக் குறிப்பதன்று என்று ஆசிரியர்கள் விளக்கினர். துறைக்குள் அவ்விளக்கம் சரியே. ஆனால் துறைக்கு வெளியிலுள்ளவர்களோடு ஒரே மண்டபத்தில் அமரும்போது துறைக்குள் பழகிப்போன எடுகோள் முதன்முறையாகத் தன் முகத்தைக் கண்ணாடியிற் காண்கிறது. இந்தியா முதலிய நாடுகள் வன்மையாக எதிர்த்தன. அரசாங்கங்கள் ஏற்றுக்கொண்ட சுருக்கத்தில், உயிர்களுக்கு விலை குறிப்பதிலும் அவ்விலைகளை நாடுகளிடையே கூட்டுவதிலும் கருத்தொற்றுமை இல்லை என்ற வாசகம் இடம்பெற்றது. அத்தியாயத்தின் ஆசிரியர்கள் தம் எண்ணை மாற்றவில்லை. இங்கு குழு கற்றதா எனில், பாதி கற்றது எனலாம்.

மற்றது 1995 நவம்பரில் மட்றிட் நகரிற் கூடிய விஞ்ஞானப் பிரிவின் கூட்டம். காலநிலையின்மீது மனிதரின் தாக்கத்தை ஐயமின்றிக் கண்டறியப் பத்தாண்டோ அதற்கு மேலோ செல்லும் என்று 1990 அறிக்கை கூறியிருந்தது. ஐந்தே ஆண்டுகளில் பெஞ்சமின் சான்ரரின் தலைமையில் எழுதப்பட்ட எட்டாம் அத்தியாயம் அத்தாக்கத்தின் சுவடுகள் தென்படத் தொடங்கிவிட்டன என்றது. 96 நாடுகளின் பிரதிநிதிகள் கூடியிருந்த மண்டபத்தில் எண்ணெய் வளநாடுகளான சவூதி அரேபியாவும் குவைத்தும் இதனை எதிர்த்தன. வாதம் ஈற்றில் ஒரு பெயரடையில் வந்து நின்றது. மனிதரின் தாக்கம் எத்தகையது? கணிசமானதா, அளவிடத்தக்கதா, வேறெதுவா? பல சொற்கள் முன்மொழியப்பட்டு வீழ்ந்தன. இறுதியில் போலின் முன்வைத்த சொல் நின்றது: கண்டறியத்தக்கது. சான்றுகளை நிறுத்துப் பார்க்குமிடத்து உலகக் காலநிலையின்மீது கண்டறியத்தக்க மனிதத் தாக்கம் உண்டு என்ற பொருளுடைய வாசகம் ஏகமனதாக ஏற்கப்பட்டது. ஒரு சொல்லுக்காக இவ்வளவு நேரமா என்று நகைப்போர் உளர். இலக்கண உரையாசிரியர்களின் மரபில் வந்த தமிழ் மாணவர்களுக்கு அந்த நகைப்பு எழ நியாயமில்லை.

கூட்டத்தில் எழுந்த விமரிசனங்களுக்கேற்பச் சான்ரர் பின்னர் அத்தியாயத்தைத் திருத்தினார். ஏனைய அத்தியாயங்களின் அமைப்புக்கு இணங்க இறுதியிலிருந்த சுருக்கத்தையும் நீக்கினார். 1996 யூனில் அமெரிக்கப் பத்திரிகையொன்றில் பிரெடெரிக் சைற்ஸ் என்ற பௌதிகவியலாளர், விஞ்ஞானிகளின் கண்ணுக்குத் தெரியாமல் அறிக்கை மாற்றப்பட்டதாகக் குற்றஞ்சாட்டினார். குற்றச்சாட்டு ஆதாரமற்றது, திருத்தம் விதிகளுக்கு உட்பட்டே நிகழ்ந்தது. ஆனால் யார் எத்திருத்தத்தை ஏன் செய்தார் என்பதற்குச் சாட்சி சொல்லும் மூன்றாமவர் ஒருவர் அவ்விதிகளில் இல்லை என்பது அப்போதுதான் புலனாயிற்று. 1999 இல் விதிகள் திருத்தப்பட்டு, விமரிசனங்களுக்கு உரிய கவனம் கொடுக்கப்பட்டதா எனப் பார்க்கும் மதிப்பாய்வுப் பதிப்பாசிரியர் பதவி ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஏற்படுத்தப்பட்டது. பொய்யான குற்றச்சாட்டிலிருந்தும் உண்மையான பாடம் கற்கலாம் என்பதற்கு இது சான்று.

அதே 1999 ஆம் ஆண்டு ஏப்பிரலில் அரசுகளுக்கிடையிலான குழுவின் நிபுணர் கூட்டமொன்று கொழும்பிற் கூடியது. அபிவிருத்தி, சமத்துவம், நிலைபேறு ஆகியவற்றோடு காலநிலை மாற்றத்துக்குள்ள தொடர்பே அதன் பொருள். அதன் அறிக்கையைப் பதிப்பித்தவர்களுள் ஒருவரான இலங்கை அறிஞர் மொகான் முனசிங்க பின்னர் குழுவின் உபதலைவரானார். 2007 இல் குழு நோபல் சமாதானப் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது அவர் அப்பதவியில் இருந்தார். 1995 இல் உயிரின் விலை பற்றி எழுந்த சண்டைக்கும் 1999 இல் சமத்துவம் பற்றிக் கொழும்பிற் கூடியதற்கும் இடையே நேர்கோடு இழுப்பது அவசரமாகலாம். ஆயினும் 1990 இல் தெற்கு நாடுகளுக்கு வழங்கப்பட்டது நாற்காலி. 1999 இல் அவை பேசுபொருளையே தீர்மானிக்கத் தொடங்கின.

பரிசு கிடைத்த 2007 ஆம் ஆண்டு அறிக்கையிலேயே மிகப் பெரிய அவமானத்துக்குரிய வித்தும் இருந்தது. தாக்கங்களைப் பற்றிய இரண்டாம் பிரிவின் ஆசியா அத்தியாயம், இமயமலையின் பனிக்கட்டியாறுகள் 2035 ஆம் ஆண்டளவில் மறைந்துவிடும் சாத்தியம் மிக அதிகம் என்றது. பல நூறு மீற்றர் தடிப்புள்ள பனிக்கட்டி இருபத்தெட்டு ஆண்டுகளில் உருகி முடியாது என்பதை எந்தப் பனிக்கட்டியாற்று நிபுணரும் உடனே சொல்லியிருப்பார். அத்தகைய நிபுணர்கள் அதே குழுவின் முதலாம் பிரிவில் இருந்தனர்; அவர்களது அத்தியாயத்தில் இப்பிழை இல்லை. ஒரே கூரையின் கீழ் இருந்த இரு பிரிவினர் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கவில்லை. எண்ணின் மூலத்தைத் தேடியபோது, அது ஒரு வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பின் 2005 அறிக்கைக்கும், அங்கிருந்து 1999 இல் வெளிவந்த ஒரு சஞ்சிகைச் செய்திக்கும் சென்றது. 1996 இல் வெளியான ஆய்வேடொன்றோ 2350 என்ற ஆண்டைக் குறித்திருந்தது. இலக்கங்கள் இடம் மாறியமையும் குழப்பத்துக்குக் காரணமாயிருக்கலாம் எனப் பலர் கருதினர். வரைவு மதிப்பாய்வின்போது யப்பானிய அரசு இவ்வாசகத்தைக் கேள்விக்குள்ளாக்கியிருந்தது என்பதே வருத்தத்துக்குரியது. கேட்டவர் இருந்தார், செவிமடுத்தவர் இல்லை.

2009 நவம்பரில் இந்தியச் சுற்றாடல் அமைச்சுக்காகப் புவிச்சரிதவியலாளர் வி. கே. ரைனா தயாரித்த அறிக்கை இமயப் பனிக்கட்டியாறுகள் அவ்வாறு மறைவதற்குச் சான்றில்லை என்றபோது, குழுவின் தலைமை அதனை ஏளனத்தோடு ஒதுக்கியது. 2010 சனவரி 20 இல் அதே குழு தன் தவற்றை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. இரண்டு மாத இடைவெளியில் கங்கைச் சமவெளி மக்களிடையே இரு தீங்குகள் நேர்ந்தன. தம் ஆறுகள் தம் ஆயுளிலேயே வற்றும் என்ற பொய் அச்சம் முன்னரே பரவியிருந்தது. இப்போது பனிக்கட்டி உருகுவதே பொய் என்ற ஆறுதல் பரவியது. இரண்டாவது முதலாவதினும் ஆபத்தானது. ஏனெனில் பனிக்கட்டி உருகிக்கொண்டுதான் இருந்தது.

அவ்வாண்டு மார்ச்சில் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகமும் குழுவின் தலைவரும் கேட்டுக்கொண்டதற்கிணங்க, உலக விஞ்ஞானக் கழகங்களின் பேரவை ஹரோல்ட் சபிரோ தலைமையில் குழுவின் நடைமுறைகளை ஆராய்ந்து ஓகஸ்ற் 30 இல் அறிக்கை தந்தது. நிறைவேற்றுக் குழு அமைக்கப்படல் வேண்டும்; வெளியான பிழையைத் திருத்துவதற்கு ஒழுங்கான நடைமுறை வேண்டும்; அச்சில் வெளிவந்த ஆய்வேடுகள் அல்லாத ஆவணங்களை மேற்கோள் காட்டுவதில் மிகுந்த கவனம் வேண்டும் என அது பரிந்துரைத்தது. 2011 இல் அபுதாபியிற் கூடிய குழு நிறைவேற்றுக் குழுவையும் பிழை திருத்த நடைமுறையையும் ஏற்படுத்தியது. பிழை திருத்தத்துக்கு முன்னர் ஒழுங்கான வழியே இல்லாதிருந்தது என்பது இருபது ஆண்டுகளுக்கு மேல் இயங்கிய ஒரு தாபனத்துக்குப் பெருமை தருவதன்று. 2021 இல் வெளிவந்த முதலாம் பிரிவின் அறிக்கையை 66 நாடுகளைச் சேர்ந்த 234 ஆசிரியர்கள் எழுதினர். 78,000 க்கு மேற்பட்ட விமரிசனக் குறிப்புகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுவது கட்டாயம். மனிதரின் தாக்கம் ஐயத்துக்கிடமற்றது என அவ்வறிக்கை கூறிற்று. மட்றிட்டில் சண்டையிட்ட பெயரடைக்கு அங்கு வேலை இருக்கவில்லை.

ஆனால் 2035 இன் பாடத்தில் ஒரு முரண் பொதிந்துள்ளது. அச்சில் வராத ஆவணங்களைச் சந்தேகத்தோடு பார்க்கும் விதி பிழையைத் தடுக்கிறது. அதே விதி, எந்த ஆய்வேட்டிலும் அச்சேறாத அறிவையும் வாசலில் நிறுத்துகிறது. எந்தக் குளம் எந்த மாதத்தில் வற்றும், எந்த நெல்லினம் உவர்நீரைத் தாங்கும், பருவமழை எத்தனை நாள் பிந்தினால் விதைப்பைக் கைவிடவேண்டும் என்பவற்றை அறிந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுவதில்லை. 2022 இல் வெளிவந்த இரண்டாம் பிரிவின் அறிக்கை, பழங்குடியினரின் அறிவுக்கும் உள்ளூர் அறிவுக்கும் முன்னில்லாத இடத்தை அளித்தது. எனினும் அவ்வறிவு பெரும்பாலும் பிறர் எழுதிய ஆய்வேடுகளின் வழியாகவே உள்ளே நுழைந்தது. 1991 இல் இந்திய வயல்களில் மெதேன் அளந்தவர்கள் தம் எண்களை ஆய்வேடாக அச்சேற்றினர். அதனாலேயே அவர்களது அளவீடு உலகக் கணக்கிற் சேர்ந்தது. அளவீட்டுப் பெட்டி வைக்கப்பட்ட வயல்களின் சொந்தக்காரர், எந்நாளில் நீரை வடிக்கவேண்டும் என்று எவ்வாறு தீர்மானித்தார் என்பதை அவ்வேடுகள் பதிவு செய்யவில்லை. மெதேன் எவ்வளவு வெளியாகும் என்பதைப் பெரிதும் நிர்ணயித்ததோ அந்தத் தீர்மானமே.